ஒலித்துண்டின் காலமும் பொருளும்

ஒலிப்பதிவுத் தொகுப்பில் இன்று மிகச் சாதாரணமாக நிகழும் செயலொன்று உண்டு. கணினித் திரையில் கிடையாக விரிந்துசெல்லும் காலக்கோட்டின்மீது சிறு பட்டைகளாகத் தோன்றும் ஒலித்துண்டுகளுள் ஒன்றைப் பற்றி, அதனை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ சற்று நகர்த்துதலே அச்செயலாகும். இடப்பக்கம் நகர்த்தின் ஒலி முந்திக் கேட்கும். வலப்பக்கம் நகர்த்தின் பிந்திக் கேட்கும். சிறுவரும் ஒரு நாழிகையிற் கற்றுக்கொள்ளக்கூடிய இச்செயலை, இலக்கியமும் கலையும் பற்றிப் பேசும் ஆய்விதழொன்று பொருட்படுத்த வேண்டுமா என்னும் வினா எழுதல் இயல்பே. திரைப்படம், வானொலி நாடகம், விவரணம், வாய்மொழி வரலாறு ஆகிய யாவற்றிலும் நாம் கேட்பவற்றின் பொருள் இச்சிறு நகர்வுகளாலேயே பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதே எமது விடையாகும்.

எமது சூழலில் திரைப்படத் திறனாய்வு பெரும்பாலும் கதை, நடிப்பு, வசனம், பாடல் என்பவற்றைச் சுற்றியே அமைந்துவந்துள்ளது. ஒலி எப்பொழுது தொடங்குகின்றது, எப்பொழுது முடிகின்றது, எவ்வளவு நேரம் மௌனம் நிலவுகின்றது என்பன தொழினுட்பவியலாளரின் கருமங்கள் எனக் கருதி ஒதுக்கப்பட்டுள்ளன. ஒலித்துண்டின் 'சரியான இடம்' என்பது கருவி அளந்து கூறும் ஒன்றா, அன்றேல் தொகுப்பாளர் பொருள் நோக்கிச் செய்யும் தீர்ப்பா என்ற வினாவே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரியது.

1

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவோம். காந்த நாடாவைக் கொண்டு ஒலி தொகுக்கப்பட்ட காலத்திற் காலம் என்பது நீளமாகவே இருந்தது. செக்கனுக்கு 38.1 சதமமீற்றர் வேகத்தில் ஓடும் நாடாவில் ஒரு சதமமீற்றர் என்பது ஏறத்தாழ 26 மில்லிசெக்கனாகும். தொகுப்பாளர் நாடாச் சுருள்களைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, சொல்லின் தொடக்கம் எங்கே ஒலிக்கின்றது எனக் காதாற் கேட்டு, அவ்விடத்திற் பென்சிலாற் குறியிட்டு, அலகினால் வெட்டி ஒட்டினார். வெட்டு 45 பாகைச் சாய்வில் அமைந்தமையால், கால் அங்குல அகலமுடைய நாடாவில் ஒரு துண்டு தேய்ந்து மற்றது வளர்வதற்கு ஏறக்குறைய 17 மில்லிசெக்கன் கிடைத்தது. இணைப்பு காதிற்குப் புலப்படாமற் போனமைக்கு இச்சாய்வே காரணமாகும்.

கணினியின் வருகையுடன் இந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999 இல் தொடங்கப்பெற்று 2000 இல் வெளியான 'ஓடாசிற்றி' போன்ற இலவச மென்பொருள்கள், முன்னர் ஒலிபரப்பு நிலையங்களிலும் திரைப்படக் கூடங்களிலும் மாத்திரம் இருந்த வசதியை எளியோர் கையிலும் சேர்த்தன. அம்மென்பொருளின் வரலாற்றிற் சிறு மாற்றமொன்று எமது நோக்கிற்குப் பயன்படுவது. தொடக்கத்தில் ஒலித்துண்டை நகர்த்துவதற்கெனத் தனிக் கருவியொன்று இருந்தது. நகர்த்த விரும்புவோர் முதலில் அதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். 2021 இல் வெளியான 3.1 ஆம் பதிப்பில் அக்கருவி நீக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலைப்பட்டையையும் நேரே பற்றி இழுக்கும் முறை புகுத்தப்பட்டது. அத்துடன், துண்டின் ஓரத்தைக் குறைத்தாலும் மறைந்த பகுதி அழியாது உள்ளே தங்கியிருக்க, வேண்டியபோது மீண்டும் இழுத்து வெளிக்கொணரலாம் என்ற ஏற்பாடும் வந்தது. நாடாவை வெட்டியவர் வெட்டுமுன் சிந்திக்க நேர்ந்தது. இன்றைய தொகுப்பாளரோ வெட்டிய பின்னரும் சிந்திக்கலாம். இது பெரும் விடுதலையாகும். எனினும், நகர்த்தல் எளிதாகுந்தோறும் அது ஒரு தீர்மானம் என்னும் உணர்வு மங்குவதற்கும் இடமுண்டு.

மற்றொரு மாற்றம் இதனினும் ஆழமானது. நாடாவில் ஒலி கண்ணுக்குத் தெரியாது; கணினியில் அது அலைவடிவமாகத் திரையிற் காட்சி தருகின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்திற் பதிவான ஒலியை, ஒரு மாதிரியளவுக்கும் நுண்மையாக நகர்த்தலாம். செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் திரைப்படத்தில் ஒரு சட்டத்தின் காலத்துக்குள் இத்தகைய 2,000 மாதிரிகள் அடங்கும். இந்நுண்மை தொகுப்பாளரைக் காதிலிருந்து கண்ணுக்கு இழுக்கின்றது. அலைவடிவத்தின் முகடுகள் கட்டங்களுடன் நேர்கோட்டிற் பொருந்தினாற் பணி முடிந்தது என்ற மயக்கம் தோன்றுகின்றது. இம்மயக்கத்தைக் களைதலே திறனாய்வின் முதற்பணி எனலாம்.

2

'ஒத்திசைவு' என்று நாம் கூறும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றோம். முதலாவது பௌதிக ஒத்திசைவு. கிளாப் பலகை மூடும் படச்சட்டத்தையும் அதன் ஓசை எழும் கணத்தையும் ஒன்றாக்குதல் இதன் எளிய உதாரணம். இந்நிலையிற்கூட நிலைமை தோன்றுமளவு எளிதன்று. 35 மில்லிமீற்றர் திரைப்படப் பிரதியில், ஒரு படச்சட்டத்துக்குரிய ஒளியியல் ஒலி அச்சட்டத்தின் அருகில் இராது. 21 சட்டங்கள் முன்னே பதிக்கப்பட்டிருக்கும். படத்தை ஒளி ஊடுருவும் வாயிலும் ஒலியைப் படிக்கும் தலையும் எறிவுகருவியில் வெவ்வேறு இடங்களில் உள்ளமையே இதற்குக் காரணம். அரங்கில் நாம் கண்டு மகிழ்ந்த ஒத்திசைவு, படச்சுருளில் 0.875 செக்கன் விலகலாகவே இருந்தது.

இரண்டு தனித்தனிக் கருவிகளில் ஒரே நிகழ்ச்சியைப் பதிவுசெய்யின், அவற்றின் உட்கடிகாரங்கள் முற்றாக ஒத்துப்போவதில்லை. பத்திலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பின், ஒரு மணித்தியால முடிவில் 72 மில்லிசெக்கன் விலகல் ஏற்படும். தொடக்கத்திற் பொருந்திய உதடும் ஒலியும் இறுதியிற் பிரிந்து நிற்கும். இங்கே துண்டை நகர்த்துவதாற் பயனில்லை. அதன் முழு நீளத்தையும் மிகச் சிறிதளவு நீட்டவோ குறுக்கவோ வேண்டும். நகர்த்தலும் நீட்டலும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள் என்பதை அறியாதோர், ஒவ்வொரு சில நிமிடங்களுக்கும் ஒருமுறை துண்டை வெட்டித் தள்ளிக்கொண்டே இருப்பர்.

இரண்டாவது புலனுணர்வு ஒத்திசைவு. மனிதக் காதும் கண்ணும் கருவிகளின் துல்லியத்தை வேண்டுவதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரையொன்றின்படி, ஒலி படத்திற்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்வையாளர் அதனை உணர்வர். பிந்துமிடத்தோ 125 மில்லிசெக்கன் வரை உணரார். இச்சமனின்மை கருத்தூன்றி நோக்கற்பாலது. இயற்கையில் ஒளி முந்தியும் ஒலி பிந்தியுமே எம்மை அடைகின்றன. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லுமாதலின், தொலைவில் விறகு பிளப்பவனின் கோடரி மரத்தைத் தொட்ட பின்னரே ஓசை கேட்கின்றது. 125 மில்லிசெக்கன் என்பது ஏறத்தாழ 43 மீற்றர் தூரத்துக்குச் சமமாகும். பிந்திய ஒலியைத் தூரம் என்று மனம் ஏற்றுக்கொள்கின்றது; முந்திய ஒலியை ஏற்க அதற்கு அனுபவ ஆதாரமில்லை. அளவுகோலில் இரு திசைகளும் சமமானவை. கேட்போனுக்கு அவை சமமானவையல்ல.

அமெரிக்கத் திரைப்படத் தொகுப்பாளரும் ஒலியமைப்பாளருமான வோல்ற்றர் மேர்ச், ஜோர்ஜ் லூக்கஸ் நெறியாண்ட 'ரி.எச்.எக்ஸ். 1138' (1971) என்னும் படத்திற் பணியாற்றியபோது கண்டறிந்த உண்மையொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. அப்படத்தில் வரும் இயந்திரக் காவலர்களின் காலடியோசை தனியே பதிவு செய்யப்பட்டுப் படத்துடன் பொருத்தப்பட்டது. ஒருவர் நடக்கும்போது ஒவ்வோர் அடியும் காலுடன் பொருந்த வேண்டியிருந்தது. இருவர் நடப்பினும் அவ்வாறே. ஆனால் மூவர் நடக்கும்போது எவ்வடியோசையை எங்கே வைப்பினும் பார்வையாளர் ஏற்றுக்கொண்டனர். இரண்டு வரை மனம் தனித்தனியே எண்ணுகின்றது. மூன்றாகும்போது அது 'கூட்டம்' எனத் தொகுத்துணர்கின்றது. ஒத்திசைவு துண்டுக்கும் படத்துக்கும் இடையே மாத்திரம் நிகழும் உறவன்று என்பதும், கேட்போனின் உள்ளமும் அதிற் பங்காளி என்பதும் இதனாற் பெறப்படும்.

மூன்றாவது பொருள் ஒத்திசைவு. இதுவே எமது ஆய்வின் மையமாகும். ஓர் ஒலி எந்தக் கணத்தில் நிகழ்கின்றது என்பதை விட்டு, எந்தக் கணத்துக்கு உரியது என்று இந்நிலை வினவுகின்றது.

3

ஒலிப்படம் தோன்றிய காலத்திலேயே இவ்வினா எழுந்துவிட்டது. சோவியத் நெறியாளர்களான ஐசன்ஸ்ரைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய மூவரும் 1928 இல் வெளியிட்ட அறிக்கையில், ஒலியைப் படத்துடன் அப்படியே பொருத்துதல் மொன்ராஜ் என்னும் கலையை அழித்துவிடும் என அஞ்சினர். ஒலியும் படமும் ஒன்றோடொன்று முரணி நிற்கும் பரிசோதனைகளையே முதலில் மேற்கொள்ள வேண்டும் என்றனர். அவ்வறிக்கையின் அச்சம் மிகையானதென இன்று தோன்றலாம். ஆயினும், ஒத்திசைவு என்பது இயற்கையின் கட்டளையன்று, கலைஞனின் தெரிவுகளுள் ஒன்றே என்ற அதன் அடிப்படை இன்றும் நிலைக்கின்றது.

இதற்குச் சான்றாக அல்பிரட் ஹிச்கொக்கின் 'த தேர்ட்டி நைன் ஸ்ரெப்ஸ்' (1935) படத்தின் புகழ்பெற்ற கணமொன்றைக் காட்டலாம். வீட்டுப் பணிப்பெண் சடலத்தைக் கண்டு வாய் திறந்து அலறுகின்றாள். ஆனால் நாம் கேட்பது புகையிரதத்தின் ஊதல். உடனே சுரங்கத்தினின்று வெளிப்படும் புகையிரதம் திரையை நிரப்புகின்றது. ஊதலொலி தனக்குரிய படத்துக்கு முந்தி வந்து, வேறொரு வாயில் அமர்ந்துகொண்டமையால், அலறலும் தப்பியோடலும் ஒரே செயலாகின்றன. கருவியின் அளவில் நோக்கின் அவ்வொலித்துண்டு தவறான இடத்தில் உள்ளது. பொருளின் அளவில் வேறெங்கு வைப்பினும் தவறாகும்.

படமே இல்லாதவிடத்து இவ்வுறவு மேலும் தெளிவாகின்றது. ஜேர்மனியரான வோல்ற்றர் றுட்மன் 1930 இல் ஆக்கிய 'வீக்கெண்ட்' என்னும் படைப்பு திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் மாத்திரம் பதிக்கப்பட்டு, பேர்ளின் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. சனிக்கிழமை வேலை ஓய்வதிலிருந்து திங்கட்கிழமை மீண்டும் வேலை தொடங்கும் வரையுள்ள காலம் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்குள் இயந்திர ஓசைகள், மணியொலிகள், பேச்சின் உதிரிகள் ஆகியவற்றின் வெட்டுக்களால் உருவாக்கப்பட்டுள்ளது. இங்கே ஒலித்துண்டு ஒவ்வொன்றும் தன் முன்னும் பின்னும் உள்ளவற்றாலேயே பொருள் பெறுகின்றது. துண்டின் நீளமே அதன் தொடரிலக்கணம் எனலாம்.

கனடாவின் பியானோக் கலைஞரான கிளென் கூல்ட் 1967 இல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக ஆக்கிய 'த ஐடியா ஒவ் நோர்த்' என்னும் ஒருமணிநேர வானொலி விவரணம் இதற்கு அடுத்த கட்டத்தைக் காட்டுகின்றது. வடபுலத்தை அறிந்த ஐவரைத் தனித்தனியே செவ்விகண்ட அவர், அக்குரல்களை ஒரு புகையிரதப் பயணத்தின் ஓசைமீது இழைத்தார். தொடக்கத்தில் தாதியாகப் பணியாற்றிய பெண்ணொருவரின் குரல் ஒலிக்க, அது முடியுமுன்னரே ஆண்குரல் ஒன்றும், பின்னர் மற்றொன்றும் அதன்மீது நுழைகின்றன. எல்லாச் சொற்களும் கேட்பதில்லை. இசையிற் பல குரல்களை ஒருங்கே கேட்கப் பழகிய காது, பேச்சையும் அவ்வாறு கேட்கலாம் என்பதே கூல்டின் துணிபு. ஒருவரையொருவர் காணாத ஐவர் ஒரே வண்டியில் உரையாடுவதுபோலத் தோன்றச் செய்தல் பொய்யாகாதா எனின், ஆகாது என்பதே எமது கருத்து. குரல்கள் இவ்வாறு இயல்பிற் பின்னிப்பிணையா என்பதைக் கேட்ட மாத்திரத்திலேயே எவரும் உணர்வர். அப்படைப்புத் தன்னைத் தொகுப்பு என்று வெளிப்படையாகவே அறிவித்துக்கொள்கின்றது. தொகுப்பு மறைக்கப்படும்போதே அறப் பிரச்சினை தோன்றுகின்றது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

4

துண்டை நகர்த்துவதுடன் தொகுப்பாளரின் அதிகாரம் முடிவதில்லை. அவர் அதன் காலநீளத்தையும் மாற்றலாம். நாடாவை வேகமாக ஓட்டினாற் காலம் குறுகும், சுருதியும் உயரும். இருமடங்கு வேகத்தில் ஒரு ஸ்தாயி உயர்ந்துவிடும். செக்கனுக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தை, எமது நாடு போன்று 25 சட்டமுறையைக் கைக்கொண்ட தொலைக்காட்சிகளில் சட்டத்துக்குச் சட்டமாக ஓட்டுமிடத்து 120 நிமிடப் படம் ஏறத்தாழ 115 நிமிடங்களில் முடிந்துவிடும். திருத்தம் செய்யாவிடிற் குரல்கள் முக்காற் சுரத்தானமளவு உயர்ந்து கேட்கும். சுருதி மாறாது காலத்தை மட்டும் மாற்றும் முறைகள் பின்னர் தோன்றின. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளனகன், கோல்டன் ஆகியோர் 1966 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் ஒரு மைல்கல். இன்று மென்பொருள்களில் விரைவுவீதமொன்றைக் குறிப்பிட்டவுடன் இம்மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது.

ஆனால் பேச்சொலியின் எல்லாப் பகுதிகளும் ஒரேயளவில் நீளத்தக்கவை அல்ல. இவ்விடத்திற் தமிழிலக்கண மரபு எமக்குத் துணைநிற்கின்றது. தொல்காப்பியம் எழுத்தின் காலவளவை மாத்திரையாற் கூறி, மாத்திரையை இயல்பான கண்ணிமைப்பினாலும் கைந்நொடிப்பினாலும் உணர்த்துகின்றது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்பன யாவரும் அறிந்தவை. அளபெடை பற்றிய விதிகளே ஈண்டு கவனிக்கத்தக்கன. நீட்டம் வேண்டுமிடத்து உயிர் நீள்கின்றது. மெய்களுள் நன்னூல் ஒற்றளபெடைக்குரியனவாகக் கூறுபவை ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் என்னும் பத்தும் ஆய்தமுமேயாகும். க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லினங்களுள் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. மூச்சைத் தடுத்து ஒரு கணத்தில் வெடித்து முடியும் ஒலியை நீட்ட இயலாது என்பதை இலக்கணகாரர் செவியால் உணர்ந்திருந்தனர் என இதனைக் கொள்ளலாம்.

ஒலித்துண்டைச் சீராக நீட்டும் மென்பொருள் செய்யும் பிழை இதுவே. உயிரும் மெல்லினமும் ஓரளவுக்கு நீளத் தாங்கும். வல்லினமோ கூர்மையிழந்து குழைந்துபோகின்றது. தேர்ந்த முறைகள் இத்தகைய வெடிப்பொலிகளைத் தனியே கண்டறிந்து அவற்றை நீட்டாது விட்டு, இடைப்பட்டவற்றை மட்டும் நீட்டுகின்றன. மேலும், தமிழிற் காலவளவே பொருள் வேறுபாட்டைத் தருகின்றது. 'கல்' என்பதும் 'கால்' என்பதும் உயிரின் நீளத்தால் வேறுபடுகின்றன. 'படு', 'பட்டு' என்பவற்றுள் பின்னையதில், நா அண்ணத்தை அழுத்தி நிற்கும் வேளையில் ஏறக்குறைய ஒலியே இல்லை. அலைவடிவத்தில் அவ்விடம் வெறுமையாகத் தோன்றும். கண்ணை மட்டும் நம்பும் தொகுப்பாளருக்கு அது நீக்கத்தக்க இடைவெளி. மொழியறிந்தவருக்கு அது சொல்லின் உடல்.

மேர்ச் 1995 இல் வெளியிட்ட நூலின் பெயரும் கண்ணிமைப்பையே குறிக்கின்றது என்பது சுவையான ஒப்புமையாகும். ஓர் எண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும்போது மனிதன் இமைக்கின்றான், படத்தின் வெட்டும் அத்தகையதே என்பது அவருடைய கொள்கை. இருவேறு உலகங்களில், இருவேறு நோக்கங்களுடன், காலத்தை அளக்க மனித உடலே கோலாகக் கொள்ளப்பட்டுள்ளது. இதனைச் செல்வாக்கு எனக் கூறுதல் பொருந்தாது. எனினும், ஒலியின் காலத்தைக் கடிகாரத்துக்கு முன்னர் உடலே அறிகின்றது என்ற உண்மைக்கு இரண்டும் சான்றாகின்றன.

5

மேற்கூறிய யாவும் ஒருங்கே குவியும் படைப்பாகப் பிரான்சிஸ் போட் கொப்பொலா நெறியாண்ட 'த கொன்வர்சேஷன்' (1974) என்னும் படத்தைக் கொள்ளலாம். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் உயர் பரிசு பெற்ற இப்படத்தில் ஒலியையும் தொகுப்பையும் பொறுப்பேற்றவர் மேர்ச்சே. ஜீன் ஹக்மன் நடித்த ஹரி கோல் என்னும் பாத்திரம் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகக் கொண்டவன். சன்பிரான்சிஸ்கோ நகரின் யூனியன் சதுக்கத்திற் சனநெருக்கத்தினிடையே உலாவும் ஓர் ஆணும் பெண்ணும் உரையாடுவதை, வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று பதிவுகளாக அவனும் கூட்டாளிகளும் எடுக்கின்றனர். பின்னர் அவன் தன் பணிமனையில் நாடாக் கருவிகளை ஒருங்கே ஓடவிட்டு, ஒன்று மங்குமிடத்தில் மற்றொன்றை உயர்த்தி, ஒரே உரையாடலாக ஆக்குகின்றான். ஒலித்துண்டுகளைக் காலத்திற் பொருத்துதல் என்னும் செயலே ஒரு கலைப்படைப்பின் கருப்பொருளாக அமைந்தமைக்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்டல் அரிது.

தெருவிசைக் கலைஞரின் முரசொலியால் மறைக்கப்பட்ட ஒரு வாக்கியத்தை ஹரி பெருமுயற்சியின் பின் மீட்கின்றான். வாய்ப்புக் கிடைப்பின் அவன் தம்மைக் கொன்றுவிடுவான் என்பது அதன் கருத்து. அழுத்தம் கொலையைக் குறிக்கும் சொல்லின்மீது விழுவதாக ஹரி கேட்கின்றான். பேசுவோர் அஞ்சும் அபலைகள் என முடிவுசெய்கின்றான். படத்தின் இறுதியில் அதே வாக்கியம் மீண்டும் ஒலிக்கும்போது அழுத்தம் 'தம்மை' என்னும் சொல்லுக்கு இடம்மாறியுள்ளது. அவன் எம்மைக் கொல்வானாயின் நாம் அவனைக் கொல்லலாகாதா என்ற சதியின் குரலாக அது மாறுகின்றது. அவ்வுரையாடலைத் தனியே ஒலிப்பதிவு செய்த வேளையில் நடிகர் ஒருமுறை இவ்வாறு அழுத்திக் கூறியதாகவும், முதலில் ஒதுக்கப்பட்ட அப்பதிவே பின்னர் இறுதிக் காட்சிக்குப் பயன்பட்டதாகவும் மேர்ச் விளக்கியுள்ளார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நாடா என்பது மாறாத சான்று. அதில் ஒருமுறை ஒருவாறும் மறுமுறை வேறொருவாறும் ஒலிக்கச் செய்தல் பார்வையாளரை ஏமாற்றுவதன்றோ? இவ்வாட்சேபம் வலிமையானது. எனினும் படம் தொடக்கம் முதலே எம்மை நாடாவின் பக்கத்திலன்றி ஹரியின் காதுக்குள் நிறுத்தியுள்ளது. துண்டுகளைக் குறையின்றிப் பொருத்திய அத்தொழில்வல்லுநன், பேசுவோரின் உள்ளத்தைத் தவறாகக் கேட்டான். பௌதிக ஒத்திசைவில் அவன் வெற்றிபெற்றான். பொருள் ஒத்திசைவில் வீழ்ந்தான். இருவேறு பதிவுகளைப் பயன்படுத்தியமையாலேயே பார்வையாளரும் அத்தவறில் உடந்தையாகின்றனர். இறுதியில் எமது காதையே நாம் ஐயுறுமாறு செய்யும் படம், அவ்வேமாற்றத்தைத் தன் பொருளாகவே ஆக்கிக்கொண்டது. ஆதலின் கலை என்ற வகையில் அது நியாயமானதே என்பது எமது முடிபு.

6

கலைக்கு நியாயமான இவ்வுத்தி சான்றுக்கு நியாயமாகுமா? இவ்வினாவே எமது ஆய்வை வாழ்க்கையுடன் இணைக்கின்றது. செவ்வியொன்றில் வினாவுக்கும் விடைக்கும் இடையே இரண்டு செக்கன் மௌனம் இருந்தது எனக் கொள்வோம். விடைத்துண்டை இடப்பக்கம் இழுத்து அம்மௌனத்தைக் கால் செக்கனாகச் சுருக்கின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் தயங்கிக் கூறியவர் தயங்காது கூறியவராகின்றார். மறுதலையாக, உடனே 'இல்லை' என்றவரின் விடையைச் சற்று வலப்பக்கம் தள்ளின் அவர் எதையோ மறைப்பவராகின்றார். எழுத்துப் பிரதியை ஒப்பிடும் எவரும் இம்மாற்றத்தைக் கண்டுபிடிக்க இயலாது.

மௌனங்களைத் தானாகவே கண்டறிந்து குறுக்கும் வசதி இன்று சாதாரண மென்பொருள்களில் உண்டு. குறித்த உரப்புக்குக் கீழுள்ள பகுதி குறித்த நேரத்துக்கு மேல் நீடிப்பின் அதனைக் குறுக்குமாறு கட்டளையிடலாம். நிகழ்ச்சியின் நேரத்தைக் குறைப்பதற்கு இது பயனுடையதே. ஆனால் சிந்திப்பவரின் மௌனம், சொல்லொணாத் துயரில் அடைபடும் தொண்டையின் மௌனம், வினாவை மறுக்கும் மௌனம் ஆகிய யாவும் அக்கட்டளைக்கு ஒன்றே.

எமது நாட்டில் இப்பிரச்சினை வெறுங் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. நூலக நிறுவனம் முதலான எண்ணிம ஆவண முயற்சிகளும், பல்கலைக்கழக மாணவரும், தனிப்பட்ட ஆர்வலரும் முதியோரின் வாய்மொழி வரலாறுகளையும் நாட்டார் பாடல்களையும் பதிவுசெய்து வருகின்றனர். போரும் இடப்பெயர்வும் கண்ட சமூகத்தில் ஒருவர் எதைச் சொன்னார் என்பதற்கு நிகராக, எவ்விடத்தில் நின்றார் என்பதும் வரலாறாகும். ஒப்பாரி பாடும் பெண் ஈரடிகளுக்கிடையே இழுக்கும் மூச்சைக் குறையெனக் கருதி நீக்குபவர், அப்பாடலின் யாப்பையே சிதைக்கின்றார். தொல்காப்பியமும் இசையில் எழுத்துக்கள் தத்தம் அளவைக் கடந்து நீளும் என ஏற்றுக்கொண்டிருக்க, கட்டங்களுக்குள் அவற்றை அடக்க முனைதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இதனால் ஒலித்தொகுப்பே கூடாது என்பது எமது கருத்தன்று. தொகுக்கப்படாத பத்து மணித்தியாலப் பதிவை எவரும் கேளாராயின் அதுவும் ஒருவகை மௌனமாக்கலே. நாம் வேண்டுவன மூன்று. மாற்றப்படாத மூலப்பதிவு எப்பொழுதும் பேணப்படல் வேண்டும். இன்றைய சேமிப்பு வசதிகள் இதனை எளிதாக்கியுள்ளன. சான்றாகப் பயன்படும் தொகுப்பில் எவ்விடத்தில் எவ்வளவு நேரம் நீக்கப்பட்டது என்ற குறிப்பு உடனிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, வெவ்வேறு வேளைகளிற் கூறப்பட்டவற்றை இணைக்குமிடத்து, அவ்விணைப்புக் கேட்போருக்குப் புலப்படுமாறு விடப்படல் வேண்டும். கூல்டின் விவரணம் தன் இழைகளை மறைக்காது நின்றமை இதற்கு முன்னுதாரணமாகும்.

முடிவாக, ஒலித்துண்டின் சரியான இடத்தைக் காட்டும் கோடு கணினித் திரையில் இல்லை. அளவுகோல் பௌதிக ஒத்திசைவை மாத்திரம் உறுதிசெய்யும். உணர்விலும் பொருளிலும் எது எதற்குரியது என்பதைத் தீர்மானிப்பவர் தொகுப்பாளரே. அத்தீர்மானத்துக்கு அவர் பேசியவருக்கும் கேட்பவருக்கும் பொறுப்புடையவராகின்றார். கவிதையில் ஓர் அசை மிகின் அல்லது குறையின் ஓசை எவ்வாறு கெடும் என நுணுகி ஆராயும் மரபு எம்மிடம் உண்டு. அந்நுண்ணிய செவியைத் திரைப்படத்துக்கும் வானொலிக்கும் வாய்மொழிப் பதிவுக்கும் திருப்புதல் தமிழ்த் திறனாய்வாளரின் கடனாகும். ஒரு பதிவைக் கேட்டு முடித்தபின், என்ன சொல்லப்பட்டது என்று வினவுவதோடு அமையாது, சொல்லுக்கு முன்னிருந்த மௌனம் பேசியவருடையதா, தொகுத்தவருடையதா என்றும் வினவும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்வோமாக.